மொய் நோட்டு

"சார், உங்க கல்யாணத்து மொய் நோட்டு வீட்ல இருக்கா?"

பட்டுக்கோட்டையில் ஒரு லாட்ஜின் மாடி ஹால். ஏ.சி. சத்தம் போட்டது, குளிரவில்லை. முப்பது நாற்காலியில் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தோம். தலைக்கு ஒரு சமோசா, இரண்டு பிஸ்கட், காகிதக் கப்பில் டீ. கேட்டவர் ஒரு தனியார் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் மேனேஜர். சித்திரை வெயிலில் கழுத்தில் டை. எங்கள் ஊரில் டை கட்டியவர்களை இரண்டே இடத்தில் பார்க்கலாம்: எல்.கே.ஜி. வகுப்பில், இன்ஷூரன்ஸ் கூட்டத்தில். இரண்டு இடத்திலும் முடிச்சுப் போட்டுவிட்டது வேறு யாரோ.

நான் பல வருஷம் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதியவன். கல்யாணப் பத்திரிகையெல்லாம் வாட்ஸ்அப்புக்குப் போனபிறகு அச்சகம் தாக்குப்பிடிக்கவில்லை. போன தை மாதம் முதலாளி ஷட்டரை இறக்கிவிட்டார். எனக்கு வயது 49. வேலை போனவன் வீட்டு விலாசம் அவர்களுக்கு எப்படித்தான் கிடைக்கிறதோ, பதினைந்தாம் நாள் மேனேஜர் வாசலில் நின்றார். "உங்களைப் போல நாலு பேருக்குத் தெரிஞ்சவங்களைத்தான் சார் தேடிக்கிட்டிருக்கோம்" என்றார். என் தகுதி என்ன, படிப்பு என்ன என்று ஒரு கேள்வி இல்லை. நாலு பேருக்குத் தெரிந்தவன் என்பதே தகுதி. அந்த நாலு பேர்தான் சரக்கு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். விருப்ப ஓய்வில் வந்த கண்டக்டர் ஒருவர். அரியர் இரண்டு பாக்கி வைத்திருக்கும் இன்ஜினீயரிங் பையன். ஓர் ஆசிரியரின் மனைவி, பக்கத்திலேயே ஆசிரியர். அரசு ஊழியர் ஏஜென்சி எடுக்கக்கூடாது, ஆகவே மனைவி பெயரில் கோட் நம்பர், சார் வாயில் வியாபாரம். முதல் வரிசையில் மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி ஒருவர். மேனேஜர் அவருக்கு மட்டும் இரண்டாவது சமோசா கொடுத்தார். அவர் தனி ஆளாக வரவில்லை, பின்னால் இருபது பெண்களோடு வருகிறார் என்பது மேனேஜருக்குத் தெரியும்.

எல்லோர் கையிலும் ஒரு படிவம் வந்தது. ஒன்றிலிருந்து நூறு வரை எண் போட்ட கோடுகள். "நூறு பேரு எழுதுங்க. சொந்தம், பந்தம், கூடப் படிச்சவங்க, பால்காரர், பிள்ளைக்கு டியூஷன் எடுக்கிறவங்க. இதுக்கு நேச்சுரல் மார்க்கெட்னு பேரு. ஞாபகம் வரலைன்னா மொய் நோட்டைப் பிரிங்க. அதுல பேரு இருக்கும், ஊரு இருக்கும். கை தாராளமா, இறுக்கமாங்கிறதும் தெரிஞ்சுபோகும்."

நான் அசந்துபோனேன். நாங்கள் மொய்யிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்து. ஆட்டுக்கறிக் குழம்பு, வாசலில் வரிசையாக மேஜை, மேஜைக்கு ஒரு நோட்டு, ஒரு எழுத்தர். இப்போதெல்லாம் பணம் எண்ணும் மெஷின்கூட வந்துவிட்டது. கிணறு வெட்டியது, மகளைக் கட்டிக்கொடுத்தது, 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்பைப் படுக்கவைத்தபின் எழுந்து நின்றது, எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த நோட்டு இருக்கிறது. வாங்கியவன் திருப்பிச் செய்வான்; கொஞ்சம் சேர்த்தே செய்வான். பத்திரம் கிடையாது. மருத்துவப் பரிசோதனை கிடையாது. செய்யாவிட்டால் கோர்ட்டு கிடையாது, ஊர் இருக்கிறது. காப்பீடு என்ற சொல்லைக் கேள்விப்படாத ஊர், காப்பீட்டை இப்படித்தான் நடத்திவந்தது. எங்களை எங்களிடமிருந்தே வாங்கி எங்களுக்கே விற்க ஒரு வழி இருக்கிறது என்று இத்தனை தலைமுறையில் எவனுக்கும் தோன்றவில்லை. டை கட்டாததால் மூளைக்கு இரத்தம் ஒழுங்காகப் போயிருக்கிறது.

"நீங்க ஏஜெண்ட் இல்லை சார், அட்வைசர்" என்றார் அடுத்தபடியாக.

ஆலோசகராம். ஒரே ஒரு மாத்திரையை டப்பாவில் வைத்துக்கொண்டு, வருகிறவனின் நாடியைப் பிடித்துப் பார்த்து, ரொம்ப நேரம் யோசித்து, "உங்களுக்கு இந்த மாத்திரைதான் சரிப்படும்" என்று சொல்லும் வைத்தியரை நீங்கள் என்னவென்று அழைப்பீர்கள்? எங்கள் தெருவில் அவருக்கு வேறு பெயர். காப்பீட்டுத் துறையில் அட்வைசர்.

ஒரே மாத்திரைதான் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 1938-ஆம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, 2015-இல் திருத்தப்பட்டது. தனி ஆளாக ஏஜென்சி எடுப்பவர் ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்குத்தான் விற்கலாம். பொதுக் காப்பீட்டில் ஒன்று, மருத்துவக் காப்பீட்டில் ஒன்று. பக்கத்துக் கம்பெனியில் இதைவிட நல்ல பாலிசி, பாதி விலைக்கு இருந்தாலும், உங்கள் சொந்த அக்காவிடம்கூட அதை விற்கமுடியாது. இங்கிலீஷில் இதற்குக் 'கேப்டிவ் ஏஜெண்ட்' என்று பெயர். கேப்டிவ் என்றால் பிடித்து அடைத்து வைக்கப்பட்டவன். வெள்ளைக்காரன் பெயர் வைக்கும்போது சில நேரம் உண்மையைச் சொல்லிவிடுகிறான்.

சரி, எல்லோருக்கும் இந்தக் கட்டுப்பாடு உண்டா? வங்கிக்கு இல்லை. வங்கிகள் மூன்று ஆயுள் கம்பெனிகளோடு சேர்ந்து விற்கலாம் என்றிருந்ததை 2022-இல் ஒன்பதாக்கினார்கள். புரோக்கர் எல்லாக் கம்பெனிப் பாலிசியையும் விற்கலாம். கம்பெனியோ தன் வெப்சைட்டில் நேராகவே விற்கும். "ஏஜெண்ட் இல்லாமல் வாங்கினால் விலை குறைவு" என்று உங்கள் அக்காவின் செல்போனிலேயே விளம்பரமும் காட்டும். ஏஜெண்டுக்கு ஒன்று. வங்கிக்கு ஒன்பது. புரோக்கருக்குக் கணக்கே இல்லை.

இதை எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறேனே என்று யோசித்தால், நம் ஊர் கற்பு. பெண்டாட்டி வாசலைத் தாண்டக்கூடாது. புருஷன் மாதவி வீட்டில் எத்தனை வருஷம் இருந்தாலும் திரும்பி வந்தால் காற்சிலம்பைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். காப்பீட்டுத் துறை அதே நெறியை அச்சு மாறாமல் சட்டமாக்கி, ஹைதராபாத்தில் ஓர் ஒழுங்குமுறை ஆணையத்தையும் காவலுக்கு வைத்திருக்கிறது. எந்த ஏஜெண்டும் இதுவரை மதுரையை எரித்ததில்லை. டார்கெட் முடிக்கும் மார்ச் மாதத்தில் எரிக்க நேரம் எங்கே இருக்கிறது.

பணத்துக்கும் இந்த நெறி உண்டா என்றால், அதற்கு மட்டும் பூரண விடுதலை. காப்பீட்டில் வெளிநாட்டு முதலீடு 26 சதவீதத்தில் ஆரம்பித்தது. 2015-இல் 49. 2021-இல் 74. 2025 பட்ஜெட்டில் 100 என்று அறிவித்தார்கள். டொரண்டோவிலிருக்கும் டாலர் விரும்பிய கம்பெனிக்கு வரலாம், போகலாம், மறுபடி வரலாம். பட்டுக்கோட்டையிலிருக்கும் கண்டக்டர் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற, விலகல் சான்று கேட்டு அதே மேனேஜரின் மேஜை முன்னால் நிற்க வேண்டும்.

நியாயமாகச் சொன்னால், ஒரே கம்பெனிக்கு விற்பது என்பதே பாவம் கிடையாது. 1956 செப்டம்பர் 1-இல் 245 கம்பெனிகளையும் சேமநிதிச் சங்கங்களையும் அரசு எடுத்து ஒன்றாக்கியபோது பிறந்தது எல்.ஐ.சி. அதிலிருந்து 2000 வரை நாட்டில் ஆயுள் காப்பீடு என்றால் அது ஒன்றுதான்; மவுண்ட் ரோட்டில் நிற்கும் பதினாலு மாடியைச் சினிமாவில் காட்டினால் கதாநாயகன் மெட்ராஸ் வந்துவிட்டான் என்று அர்த்தம். என் அப்பாவுக்குப் பாலிசி போட்டவர் சைக்கிளில் வருவார். வேட்டி, பேனா, ரெக்ஸின் பை. தவணை தவறினால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அம்மா மோர் கொடுத்துக்கொண்டே திட்டுவாள். அப்பா செத்த பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை காத்திருந்து, மறுநாள் அம்மாவின் ரேகையை வாங்கி, கிளை அலுவலகத்துக்கு நாலு நடை நடந்து, காசோலையோடு வந்தவர் அவர். அதில்தான் நான் படித்தேன். அவரும் ஒரு கம்பெனிக்குக் கட்டுப்பட்டவர்தான். ஆனால் அவர் எங்கள் தெருவுக்கும் கட்டுப்பட்டவராக இருந்தார். செத்த வீட்டுக்கு வந்துதான் ஆகவேண்டும் என்று தெரிந்து விற்றவர்.

இன்றைய ஏற்பாட்டுக்கு அப்படிப்பட்டவர் தேவையில்லை. அவர் ஒரே தெருவில் முப்பது வருஷம் இருப்பார். அது ரொம்ப மெதுவான வியாபாரம். இப்போது வேண்டியது நூறு பெயர் வைத்திருப்பவர். நூறு பெயர் தீர்ந்ததும் அடுத்த நூறு பெயர் வைத்திருக்கும் இன்னொருவர்.

அந்த ஆளைத் தயாரிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? இருபத்தைந்து மணி நேரம். பத்தாம் வகுப்பு பாஸ் ஆகியிருக்க வேண்டும். பிறகு ஐ.சி.-38 என்று ஒரு தேர்வு: ஐம்பது கேள்வி, 35 சதவீதம் எடுத்தால் போதும். பதினெட்டுக் கேள்விக்குச் சரியாக டிக் அடித்தால் ஒரு குடும்பத்தின் அடுத்த இருபது வருஷச் சேமிப்பை எங்கே முடக்குவது என்று நீங்கள் சொல்லலாம். மீதி முப்பத்திரண்டில் எது தவறு என்று குடும்பம் பின்னால் கண்டுபிடித்துக்கொள்ளும்.

பாடப் புத்தகத்தில் ஓர் அருமையான அத்தியாயம் இருக்கிறது: உச்ச நன்னம்பிக்கை. காப்பீட்டு ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் ஒன்றையும் மறைக்கக்கூடாது. தேர்வில் நிச்சயம் வரும். அதற்கு அப்புறம் வாழ்க்கையில் வராது.

வராததை நான் கிட்டத்தில் பார்த்தேன். என்னோடு பத்தாவது படித்தவன், வேறொரு கம்பெனியில் பல வருஷமாக ஏஜெண்ட். அவன் பட்டியலில் ஏழாவது பெயர் அவனுடைய பெரியப்பா மகன், தேங்காய் வியாபாரி. மார்ச் 27, ராத்திரி ஒன்பது மணி. அண்ணன் வீட்டுத் திண்ணையில் புரபோசல் பாரத்தை வைத்துக்கொண்டு இவன் உட்கார்ந்திருக்கிறான். பஸ் வர நேரமிருக்கிறதென்று நானும் கூட இருந்தேன். உடல்நலக் கேள்விகள். சர்க்கரை உண்டா? அண்ணனுக்கு ஆறு வருஷமாக உண்டு. உள்ளே ஃப்ரிட்ஜில் இன்சுலின் இருக்கிறது. இவன் மேனேஜருக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் குரல் கேட்டது: "இல்லைன்னு டிக் பண்ணுங்க பிரதர். மெடிக்கலுக்குப் போச்சுன்னா முப்பத்தொண்ணுக்குள்ள லாக்-இன் ஆகாது. எனக்கு இன்னும் மூணு கேஸ்தான் குறையுது." இவன் பேனாவை இரண்டு தடவை மூடித் திறந்தான். பிறகு டிக் அடித்தான். அண்ணி உள்ளேயிருந்து பொரிவிளங்காய் உருண்டை கொண்டுவந்து வைத்தாள்.

பத்தொன்பது மாதம் கழித்து அண்ணனுக்கு மாரடைப்பு. பாலிசி போட்டு மூன்று வருஷம் தாண்டியிருந்தால் எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது; 45-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. பத்தொன்பது மாதத்தில் கேட்கலாம். கேட்டார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்தார்கள், இன்சுலின் கிடைத்தது. அண்ணிக்கு ஒரு கடிதம் வந்தது, இங்கிலீஷில். அவள் அதைக் கொண்டுவந்து இவனிடமே நீட்டினாள்.

"தம்பி, இதுல என்னப்பா எழுதியிருக்கு?"

முக்கியமான தகவலை மறைத்ததால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. கட்டிய இரண்டு தவணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இவன் வாங்கிய கமிஷனைப் பிடித்துக்கொண்டார்கள். கணக்கு நேரானது. கையெழுத்து செத்துப்போன அண்ணனுடையது. டிக் அடித்த கை இவனுடையது. அடிக்கச் சொன்ன வாய் எந்தக் காகிதத்திலும் இல்லை. அந்த வாய் அதற்குள் வேறொரு கம்பெனியில், இன்னும் பெரிய பதவியில், வேறு பதினேழு பேருக்குச் சமோசா கொடுத்துக்கொண்டிருந்தது. மேனேஜர்கள் கேப்டிவ் கிடையாது, கவனியுங்கள்.

இவன் இன்று அந்தத் தெருப் பக்கம் போவதில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு இவனுக்குப் பத்திரிகை வரவில்லை. மொய் நோட்டிலிருந்து ஒரு பெயரை நீக்க எங்கள் ஊருக்கு ஒழுங்குமுறை ஆணையம் தேவைப்படவில்லை.

சரி, இந்தப் பழியெல்லாம் வாங்கிக்கொள்ள என்னதான் கொடுக்கிறார்கள்? மேனேஜர் வெள்ளைப் பலகையில் கோடிகளை எழுதினார். நான் கணக்குப்பிள்ளை, பலகையில் எழுதாததை எழுதிப் பார்த்தேன்.

நீண்ட காலப் பாலிசிக்கு முதல் வருஷப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை கமிஷன் என்று 2016 விதிகளில் உச்சவரம்பு இருந்தது. 2023-இல் தனித்தனி வரம்பை எடுத்துவிட்டு, மொத்தச் செலவுக்கு ஒரு வரம்பு வைத்து, மீதியைக் கம்பெனி போர்டுகளின் நல்ல மனசுக்கு விட்டார்கள். முப்பதாயிரம் ரூபாய்க்கு ஓர் எண்டோவ்மெண்ட், அதாவது சேமிப்பும் சேர்ந்த பாலிசி, விற்றால், முப்பது சதவீதம் என்று வைத்தாலும் ஒன்பதாயிரம். அதே ஆளுக்கு உண்மையில் தேவைப்படுவது டேர்ம் பாலிசி: இள வயது என்றால் பத்துப் பன்னிரண்டாயிரத்தில் குடும்பத்துக்கு ஒரு கோடி நிற்கும். அதை விற்றால் கைக்கு மூவாயிரத்துச் சொச்சம். சில லட்சமே தாங்கும் எண்டோவ்மெண்டை மச்சான் தலையில் கட்டினால் மூன்று மடங்கு. மச்சான் குடும்பம் எவ்வளவு நிர்க்கதியாகிறதோ அவ்வளவு உங்களுக்கு நல்லது. பேராசையில் யாரும் தவறு செய்யவில்லை, ஐயா. கூலிப் பட்டியலே அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது.

அந்த ஒன்பதாயிரமும் முழுசாக வராது. மச்சான் கேட்பான்: "மாப்ளே, நமக்குள்ள என்ன, உன் கமிஷன்ல பாதியைத் திருப்பிக் கொடுத்துடு." இப்படிக் கமிஷனில் பங்கு கொடுப்பது 41-ஆம் பிரிவின்படி குற்றம், பத்து லட்சம் வரை அபராதம். தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் வரதட்சணைச் சட்டம் அமலாவது போலவே அமலாகிறது: எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் கொடுக்கிறார்கள், எல்லோரும் வாங்குகிறார்கள். பாதி போக 4,500. பெட்ரோல், பிறந்த நாளுக்கு ஸ்வீட் பாக்ஸ், காலண்டர், டைரி. காலண்டருக்குக் கம்பெனி காசு தருமா என்று கண்டக்டர் கேட்டார். "நீங்கதான் சார் முதலாளி" என்றார் மேனேஜர்.

முதலாளி! பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது, சம்பளம் கிடையாது, ஆகவே முதலாளி. டார்கெட் உண்டு, திங்கள்கிழமை காலை மீட்டிங்குக்கு ஒன்பது மணிக்கு வரவேண்டும், ஆகவே தொழிலாளி. லாபம் என்று வரும்போது தொழிலாளி, நஷ்டம் என்று வரும்போது முதலாளி. கார்ல் மார்க்ஸ் இந்த ஜாதியைப் பார்த்ததில்லை.

நாட்டின் மிகப்பெரிய ஏஜெண்ட் படை எல்.ஐ.சி.யுடையது, 14 லட்சத்தை ஒட்டி. மத்திய நிதியமைச்சகத்துக்குப் போன கணக்கு ஒன்று 2024-இல் பத்திரிகைகளில் வந்தது. தமிழ்நாட்டில் 87 ஆயிரத்துச் சொச்சம் ஏஜெண்டுகள். சராசரி மாத வருமானம் 13,444 ரூபாய். நாளொன்றுக்கு 448. எங்கள் தெருக் கொத்தனார் இதைக் கேட்டால் சித்தாளுக்குக்கூட இதைவிட அதிகம் என்பார். அதுவும் சராசரி. அதிகம் விற்று, கார் வைத்திருக்கும் கிளப் மெம்பரையும், கோட் நம்பர் மட்டும் வைத்திருக்கும் ஆசிரியர் மனைவியையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டியது. மேனேஜர் பலகையில் வரைந்தது அந்தக் கார்க்காரரை.

இன்னொரு கணக்கு. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த எல்.ஐ.சி. ஏஜெண்டுக்கென்று ஒரு டேர்ம் காப்பீடு உண்டு. ஊராரிடம் "நீங்க இல்லைன்னா குடும்பத்தோட கதி என்ன?" என்று கேட்டு லட்சக்கணக்கில் பாலிசி போடுகிறவர் செத்தால் அவர் குடும்பத்துக்கு எவ்வளவு? 2023 செப்டம்பர் வரை 3,000 ரூபாயிலிருந்து 10,000 வரை. பாடைக்கும் பறைக்கும் சரியாக இருக்கும். பிறகு நிதியமைச்சகம் கருணை கூர்ந்து 25,000-இலிருந்து ஒன்றரை லட்சம் வரை உயர்த்தியது. ஒன்றரை லட்சத்துக்குப் பாலிசி கேட்டு நீங்கள் போனால் எந்த ஏஜெண்டும் உட்காரச் சொல்லமாட்டார்.

சட்டம் எப்போதாவது பாலிசிதாரர் பக்கம் சாய்ந்தால் செலவை யார் ஏற்பது என்பதையும் பாருங்கள். 2024 அக்டோபர் முதல், ஒரு வருஷப் பிரீமியம் கட்டிவிட்டு வெளியேறுபவருக்கும் ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சரண்டர் விதி மாறியது. நல்ல விதி. கம்பெனிகள் பல என்ன செய்தன? முதல் வருஷக் கமிஷனை வெட்டின. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அதுவும் நல்லதுதான். கம்பெனிகளுக்கு உள்ளீட்டு வரிச் சலுகை போனது. பல கம்பெனிகள் அதை ஏஜெண்ட் கமிஷனில் கழித்துக்கொண்டன. நல்லது நடக்கும்போதெல்லாம் ஒரே பையில்தான் கைவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய பை பக்கத்திலேயே தொங்குகிறது.

அதற்குப் பதிலாகத் தாய்லாந்து காட்டுகிறார்கள். ஜெயித்தவர்கள் பட்டாயா கடற்கரையில் ஒரே மாதிரி டீ-ஷர்ட் போட்டு எடுத்த படம். அதற்கு மேலே எம்.டி.ஆர்.டி.; 1927-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் ஊரில் முப்பத்திரண்டு பேர் கூடி ஆரம்பித்த மில்லியன் டாலர் மேஜை. பேராவூரணி பேருந்து நிலையத்தில் கோட் சூட்டோடு ஃப்ளெக்ஸில் சிரிப்பவர் அந்த மேஜைக்குப் போனவர். மேஜையில் அவருக்கு இடம் பிடிக்க எத்தனை சித்தப்பாக்கள் யூலிப் பாலிசி வாங்கினார்கள் என்பது ஃப்ளெக்ஸில் அச்சாகாது.

நூறு பெயர் எழுத எனக்கு ஒரு வாரம் கெடு. வீட்டில் பரணில் ஏறி டிரங்க் பெட்டியை இறக்கினேன். 1999 வைகாசி. அட்டை கிழிந்த நீள நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மஞ்சள் தடவிய நாலு மூலை. தாய்மாமன் 5,001. அச்சக முதலாளி 1,001. போகப் போக 101, 51. பதினாலாம் பக்கத்தில் ஒரு வரி: "சின்னப்பொண்ணு, கீழத்தெரு, ரூ. 11, பித்தளைச் செம்பு 1." அந்தக் கிழவி எங்கள் வீட்டில் நெல் அவித்தவள். பதினோரு ரூபாய் அவளுக்கு அன்றைக்கு என்ன கணக்கு என்று எனக்குத் தெரியும். அவள் பேரன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மாசம் இரண்டாயிரம் கட்டக்கூடியவன். மேனேஜர் கணக்கில் அவன் 'வார்ம் லீட்'. அவன் பாட்டி என் கல்யாணத்துக்குச் செம்பு வைத்தாள் என்ற ஒரே காரணத்துக்காக என் போனை எடுப்பான், இல்லை என்று சொல்லமாட்டான். அந்த "இல்லை என்று சொல்லமாட்டான்" என்பதைத்தான் கம்பெனி என்னிடம் வாங்கப் பார்க்கிறது. பதினோரு ரூபாய்க்கு இத்தனை வருஷம் கழித்து 30 சதவீதம்.

பாரத்தை எடுத்து முதல் கோட்டில் மேனேஜரின் பெயரை எழுதினேன். இரண்டில் அவர் மனைவி, மூன்றில் அவர் மாமனார். பெயர் தெரியாததால் உறவை மட்டும் எழுதினேன். போன் போட்டுச் சொன்னேன்: "சார், மூணு பேரு ரெடி. முதல்ல உங்க வீட்லேர்ந்து ஆரம்பிக்கலாம். உங்க மொய் நோட்டு இருக்குல்ல?"

கொஞ்ச நேரம் மோட்டார் பைக் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு டை இல்லாத குரல்: "எங்க சனமெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு சார். ஊருக்குப் போயே நாலு வருஷமாச்சு. அதனாலதானே உங்களைக் கேக்கறேன்."

பாவம் என்று தோன்றியது, ஒத்துக்கொள்கிறேன். உடனே கோபமும் வந்தது. அவர் மேலில்லை. ஊரில் ஒருவனைப் பிடித்து, அவன் உறவை உரித்துத் தீர்த்து, வெறுங்கையானதும் அவனுக்கே டை கட்டி அடுத்தவனைப் பிடிக்க அனுப்பும் ஒரு மெஷின். அதற்கு லைசென்ஸ், அதற்கு ஆணையம், அதற்கு நூறு சதவீத முதலீடு. "சேரலை சார்" என்று போனை வைத்தேன்.

அடுத்த ஞாயிறு தாய்மாமன் பேத்திக்குக் கல்யாணம், பேராவூரணியில். மொய் மேஜையில் பெயர் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனேன். மாமா பக்கத்தில் நாற்காலி காலி. என்னைப் பார்த்ததும் அவர் இலையிலிருந்து கையை எடுத்து, துண்டை எடுத்து அந்த நாற்காலியில் போட்டார். லாட்ஜ் வாசலில் என்னை யாரோ பார்த்திருக்கிறார்கள்.

நான் இன்னும் "நல்லாயிருக்கீங்களா மாமா" என்றுகூடக் கேட்கவில்லை. அவர் முந்திக்கொண்டார்:

"மாப்ளே, நான் ஏற்கெனவே மூணு போட்டிருக்கேன்."